நேரில் கண்ட சன்னாசி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று தமிழ்நாடே என்னைப் பார்த்தது. எழுதி வைக்காவிட்டால் பின்னால் ஒருத்தனும் நம்ப மாட்டான் என்பதால், உரக்கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரியைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். நான் படித்தது ஒன்பதாவது. ஆனால் பத்தாவது வாத்தியார் என்னிடம் சந்தேகம் கேட்டுப் போன காலமெல்லாம் உண்டு.

காலையில் நாச்சிமுத்து சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். மார்க்கெட் வளைவில் ஒரு சத்தம், மலை உருண்டு விழுந்த மாதிரி. சலூன் கண்ணாடி நாலு துண்டாகத் தெறித்தது. சரி, தெறிக்கவில்லை, அதிர்ந்தது. ஒரு கன்னத்தையாவது முடித்துவிடுகிறேன் என்று நாச்சிமுத்து பிடித்துக்கொண்டதால் கிளம்பக் கொஞ்சம் தாமதம். போய்ப் பார்த்தால் வைரமாலை பஸ், நம் கோம்பைத்துறை வழியாகப் போகிற தனியார் பஸ், வாழைக்காய் மண்டிச் சுவரில் மூக்கை இடித்து நிற்கிறது. அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போய்விட்டது. டிரைவரைப் போலீஸ் ஜீப்பில் கொண்டுபோய்விட்டார்கள். சுவரோரம் கீரை விற்கிற மாயக்காள் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். நேற்று என் வீட்டுக்கு முருங்கைக்கீரை போட்டுவிட்டுப் போனவள்.

அப்போதுதான் தீப்பொறி டிவி நிருபர் மைக்கோடு வந்தான். "யாராவது நேர்ல பாத்தீங்களா?" என்றான். கூட்டம் பின்னால் நகர்ந்தது. நான் நகரவில்லை. முப்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் சன்னாசி மைக் செட்தான். ஆனால் அந்த மைக்கில் 'மைக் டெஸ்டிங்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச எவனும் என்னை விட்டதில்லை.

"நான் கண்ணால பாத்தேன் தம்பி. டிரைவரு ஒரு கையில ஸ்டேரிங்கு, ஒரு கையில செல்போனு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு வந்தான்" என்றேன்.

பஸ் மோதினால் டிரைவர் போன் பேசியிருப்பான், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதை நான் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொன்னேன், அவ்வளவுதான்.

மத்தியானத்திலிருந்து அரைமணிக்கு ஒரு தரம் போடுகிறார்கள். கீழே பெரிய எழுத்தில் 'நேரில் கண்ட சாட்சி சன்னாசி'. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம், "அரை மூஞ்சி தாடியோட நிக்கிறீக, அதையும் நாடு பாக்குது" என்றாள். பொறாமை.

அதே நாள், சாயங்காலம்

டிரைவர் தவமணியாம். என் கூடப்பிறந்த தங்கை ராமுத்தாயின் புருஷன். எப்போதும் மதுரை லைனில் ஓட்டுகிறவன். இன்றைக்கு வேறொருத்தர் லீவு என்று இந்த வண்டியில் ஏறியிருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 13, புதன்

விடிந்ததும் ராமுத்தாய் வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிவியில பேசுனது நீதானாண்ணே?"

"நானேதான். எப்படி இருந்துச்சு?" வாய் தவறி வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதுகிற அளவுக்கு எனக்குத் தமிழ் வராது.

"அவுக போனு டிஸ்ப்ளே போயி பஸ் ஸ்டாண்டு கடையில கெடக்குண்ணே. எந்தப் போன்ல சிரிச்சுப் பேசுனாக? காலையில வண்டி எடுக்கும்போதே பிரேக்கு வழுக்குதுன்னு மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்காக. இந்த ஒரு நடை ஓட்டிட்டு வா, பாத்துக்கலாம்னுட்டாராம். இறக்கத்துல பெடலு தரையோட போயி ஒட்டிக்கிச்சாம். எதுக்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரோட்டைக் கடக்குது. மண்டிச் சுவத்துல கொண்டுபோயி விட்டிருக்காக. அங்கிட்டு மாயக்கா உக்காந்திருந்தது அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

பஞ்சவர்ணம் காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

"ஒண்ணும் வேணாம்ண்ணே. நான் பாக்கலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. லைசென்ஸு போச்சுன்னா அந்த மனுசனுக்கு வேற தொழிலு தெரியாது."

"இதென்ன பெரிய விசயம்? இப்ப சென்னை வரைக்கும் என் பேரு போயிருச்சு. ஒரு போன் போட்டாப் போதும், மாத்திப் போட்டுருவானுக" என்றேன்.

அவள் போனதும் பஞ்சவர்ணம் கேட்டாள். "நீங்க சலூன்லதான இருந்தீக?"

சலூனிலிருந்து மார்க்கெட் வளைவு கல்லெறிகிற தூரம். கேட்டதும் பார்த்த மாதிரிதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நிருபர் தம்பிக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் இப்ப சென்னை ஆபீஸ்லதாண்ணே" என்று ஒரு நம்பர் கொடுத்தான். எடுத்தது கீர்த்தனா என்று ஒரு பெண். விவாதத்துக்கு ஆள் பிடிப்பதுதான் வேலையாம். தங்கமான குரல்.

"சார், நானே உங்களைத் தேடிட்டு இருந்தேன் சார். இன்னிக்கு விவாதம் உங்க ஊர் பஸ்தான். நீங்க ஓட்டுநர் அலட்சியம் பக்கம்தானே?"

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"அப்ப உரிமையாளர் அலட்சியம் பக்கமா? அங்க ஆள் ஃபுல் சார். ஓட்டுநர் அலட்சியத்துலதான் ஒரு சீட் இருக்கு."

"நடுவுல எதுவும் சீட்டு இல்லையாம்மா?"

"நடுவுல நெறியாளர் சார்."

எந்தப் பக்கமாக உட்கார்ந்தால் என்ன, உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன். கார் அனுப்புகிறார்கள். ஏசி கார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்கு மைக் கட்டிக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று மதுரை ஸ்டுடியோவில் எனக்குப் பவுடர் போட இரண்டு பேர். சரி, ஒருத்தர். ஸ்டுடியோ என்றால் என்னமோ அரண்மனை என்று நினைத்திருந்தேன். ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு கேமரா, முதுகுக்குப் பின்னால் பச்சைத் துணி. டிவியில் பார்த்தால் அந்தத் துணி கோபுரமாகத் தெரியுமாம். நெறியாளர் சென்னையில் இருந்துகொண்டே எனக்குக் கும்பிடு போட்டார். எல்லோருக்கும் சேர்த்துத்தான் போட்டார், ஆனால் என் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தார்.

நாலு கட்டத்தில் நாலு பேர். என் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, நான் அந்த நேரத்துல சலூன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுக்குங்க! சலூன் வாசல்ல இருந்து பார்த்திருக்கார் நம்ம சாட்சி. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று அவர் மேஜையைத் தட்டினார். உடனே மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். ஒருத்தர் பிரேக் என்றார். ஒருத்தர் சதி என்றார். இன்னொருத்தர் பத்து வருஷத்துக்கு முன்னால் யாருடைய ஆட்சியில் எத்தனை பஸ் கவிழ்ந்தது என்றார். நடுவில் ஒரு கிராபிக்ஸ் படம் போட்டார்கள். அதில் தவமணி மாதிரியே மீசை வைத்த பொம்மை டிரைவர், காதில் போனை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நான் சொன்னதிலிருந்து எடுத்தது. பார்க்கும்போது என்னமோ போல இருந்தது.

மாயக்காள் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். எந்த மைக் எப்போது செத்தது என்று எனக்குத் தெரியாதா?

முடியும்போது என் பெயருக்குக் கீழே 'போக்குவரத்து ஆர்வலர்' என்று மாறியிருந்தது. பதவி உயர்வு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வந்த பிறகு டீக்கடையில் விளக்கினார்கள். வைரமாலை பஸ் முதலாளி ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர். தீப்பொறி ஆளுங்கட்சிக்கு வேண்டிய டிவி. அதில் தப்பு டிரைவர் மேல்தான் இருக்க முடியுமாம். இது எனக்கு முன்னாலேயே தெரியும். அன்றைக்கு மைக்கைப் பார்த்த மும்முரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

தவமணி ஜாமீனில் வந்துவிட்டான். பழம், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். ராமுத்தாய் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் திட்டவில்லை. "வாங்க மச்சான்" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்திரெண்டு வருசம் மச்சான். ஒரு கோழி செத்ததில்ல என் வண்டியில. அந்தம்மா கீரைக்கட்டு கண்ணாடி மேல வந்து அடிச்சுச்சு" என்றான்.

வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம். லைசென்ஸ் போலீஸிடம் இருக்கிறது. விசாரணைக்கு டிவி வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்களாம்.

"கவலைப்படாத மாப்ள. நாலே நாள்ல அந்த டிவியைக் கவுத்துக் காட்டுறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெற்றி! மக்கள் முழக்கம் டிவியில் கூப்பிட்டார்கள். இது எதிர்க்கட்சிக்கு வேண்டிய டிவி. தீப்பொறியில் ஓட்டுநர் என்றால் இங்கே உரிமையாளர். நேற்று சாயங்காலம் போய், தவமணி மேல் ஒரு தூசி இல்லை என்று முழங்கிவிட்டு வந்தேன். முழங்குகிறபோது வெறும் கையோடு முழங்க முடியுமா? "பஸ்ஸுக்குள்ள ஏறி அந்தப் பிரேக்கு பெடலை நானே மிதிச்சுப் பாத்தேன். தண்ணிக்குள்ள கால விட்ட மாதிரி போச்சு. பிரேக்கு ஆயில் ஒரு சொட்டு இல்ல" என்றேன். நெறியாளர் பெண், "அச்சமில்லாத சாட்சி" என்றாள்.

பெடல் தரையோடு போனது உண்மைதானே. நான் மிதிக்கவில்லை, தவமணி மிதித்தான். குடும்பத்துக்குள் ஒரு கால்தான்.

பஞ்சவர்ணம் மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸைச் சுத்திப் போலீசு கயிறு கட்டியிருந்துச்சு. நீங்க எப்ப உள்ள போனீக?"

ஆகஸ்ட் 23, சனி

தீப்பொறியில் இன்று என் இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். அரைத்தாடியோடு ஒன்று, பவுடரோடு ஒன்று. 'பல்டி சாட்சி! பின்னணியில் யார்?' என்று தலைப்பு. ஓட்டுநர் எனக்கு மாப்பிள்ளை முறை என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, கல்யாணத்துக்கு மைக் கட்டியதே நான்தான். அதனால் பிரேக் போனதே குடும்பம் சேர்ந்து கட்டிய கதை என்கிறார்கள்.

முழக்கம் டிவிக்குப் போன் போட்டேன். "உங்க நம்பகத்தன்மை இப்ப கொஞ்சம் டவுன் சார்" என்று வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. வழக்கமாக மைக் எடுக்கிற மூன்று பந்தல்காரர்களும் இந்த முறை வேறு ஊரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் கொழுக்கட்டை. மிஞ்சிவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சலூன் நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனேன். நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்று இன்ஸ்பெக்டரிடமே சொல்லிவிட்டேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பெஞ்சுதான், ஆனால் உட்கார வைத்தார்.

அவர் தன் போனை எடுத்து என் வீடியோவைப் போட்டார். "இது யாருய்யா?"

"நான்தாங்கய்யா."

"இதுல பாத்தேங்குற. அடுத்ததுல பெடலை மிதிச்சேங்குற. இப்பப் பாக்கவே இல்லங்குற. நாளைக்கு என்ன, பஸ்ஸை நாந்தான் ஓட்டுனேம்பியா?" ஸ்டேஷனே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், பழக்கதோஷம்.

"ஐயா, இவரு என் கடையிலதான் இருந்தாரு. இந்தக் கன்னத்தை வழிச்சிட்டு இருந்தேன்" என்று நாச்சிமுத்து தொட்டுக் காட்டினான்.

"நீ எந்த டிவியில பேசுற?" என்று அவனைக் கேட்டார். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கீர்த்தனா மறுபடி கூப்பிட்டாள். 'பல்டி சாட்சி' என்ற தலைப்பில் நேரலையாம். போகாதே என்று பஞ்சவர்ணம் வாசலை மறித்தாள். "எத்தனை பேரு முன்னால போயி ஒளறினேனோ, அத்தனை பேரு முன்னாலதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே பெருமை. அவள் வழிவிட்டாள்.

இந்த முறை முதல் வார்த்தையிலேயே ஆரம்பித்தேன். கத்தினேன் என்றே சொல்லலாம். "நான் எதையும் பாக்கல. சலூன்ல முகத்துல நுரையோட இருந்தேன். போன் பேசுனதும் பொய், பெடலை மிதிச்சதும் பொய். ரெண்டும் நான் சேத்துச் சொன்னது. தவமணி பாவம். அவன் போன் ரிப்பேர் கடையில கெடந்துச்சு. வேணும்னா கடைக்காரரைக் கேளுங்க."

ஒரு நிமிஷம் அந்த நாலு கட்டமும் அமைதியாக இருந்தது. என் ஆயுசில் எந்த மைக்கிலும் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

நெறியாளர் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, குரலையும் தணித்துக்கொண்டு கேட்டார். "சன்னாசி ஐயா. பயப்படாம சொல்லுங்க. உங்களை யார் மிரட்டினது?"

"யாரும் மிரட்டலைங்க. நானாத்தான்..."

"நேயர்களே, அவர் கை நடுங்குறதைப் பாருங்க."

என் கை நடுங்கியது உண்மை. ஏசி.

"ஜாமீன்ல வந்த ஓட்டுநர் உங்க ஊர்லதானே இருக்கார்? உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"அவன் வரல. நான்தான் அவன் வீட்டுக்குப் போனேன்."

"சாட்சியைத் தன் வீட்டுக்கே வரவழைச்சிருக்கார்!"

நான் சொன்ன மற்றது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. திரையில் தவமணியின் போட்டோ வந்தது. கல்யாண ஆல்பத்தில் எடுத்த போட்டோ, எங்கே பிடித்தார்களோ. கீழே சிவப்பில் 'சாட்சி மிரட்டப்பட்டாரா?' என்று ஓடியது. ஒரு வக்கீல் சட்டப் பிரிவு சொன்னார். ஜாமீனை ரத்து செய்ய வேண்டும் என்று இரண்டு கட்டங்கள் கத்தின. கூடாது என்று கத்த வேண்டிய கட்டம், இந்த ஆட்சியில் இதுவரை எத்தனை சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள் என்று கத்தியது.

திரும்பி வருகையில் காரில் பாட்டுப் போட்டார் டிரைவர். நல்ல மனுஷன். போன் வந்தும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

சாட்சியை மிரட்டியதாகத் தவமணி மேல் இன்னொரு வழக்கு. காலையில் வீட்டில் வந்து கூட்டிப் போனார்கள். நான் ஸ்டேஷனுக்கு ஓடி, மிரட்டப்பட்ட ஆளே நான்தான், என்னை ஒருத்தரும் மிரட்டவில்லை என்று சத்தியம் செய்தேன். மிரட்டப்பட்ட எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

முழக்கம் டிவியில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. வேறு ஏதோ ஊர் பாலம் இடிந்துவிட்டது, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

ராமுத்தாய் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கீர்த்தனா போன். வெங்காய விலை பற்றி விவாதமாம். 'பொருளாதார விமர்சகர்' சீட் காலியாக இருக்கிறதாம்.

"சார், நீங்க கொந்தளிச்சுப் பேசுறது நல்லா எடுபடுது சார். விலை ஏறினது சரி பக்கமா, தப்பு பக்கமா?"

தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். சட்டையை மட்டும் தேய்த்து வைத்திருந்தேன். பஞ்சவர்ணம் அதை எடுத்து, மடித்து, டிரங்குப் பெட்டிக்குள் அடியில் வைத்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மறுபடியும் ஜாமீன் கிடைத்துத் தவமணி வந்து நாலைந்து நாள் ஆகிறதாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேள்விப்பட்டு இன்று போனேன். வெறுங்கையோடுதான் போனேன்.

ராமுத்தாய் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உள்ளதான் இருக்காக. பேசிட்டுச் சீக்கிரம் போயிரு" என்றாள்.

அவன் கட்டிலில், டிவிக்கு முன்னால். இளைத்திருந்தான். டிவியில் பழைய பஸ் கதை எதுவும் இல்லை, வெங்காயம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"மச்சான், ஒரு சந்தேகம். உங்ககிட்டதான் கேக்கணும்."

"கேளு மாப்ள."

"நான் அன்னிக்கு நெசமாவே போன் பேசிட்டுத்தான் வந்தேனா?"

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒன் போனுதான் கடையில கெடந்துச்சே மாப்ள."

"ஆமா. அதத்தான் நானும் நெனச்சேன். ஆனா கண்டக்டர்கிட்ட போனு இருந்துச்சுல்ல? அவன்கிட்ட வாங்கிப் பேசுனேனோ என்னமோ. கண்ணை மூடுனா இறக்கம் தெரியுது, பிள்ளைக தெரியுது, அப்புறம் நான் சிரிச்சுக்கிட்டு வர்றது தெரியுது மச்சான். நல்லாத் தெரியுது."

"அது டிவிக்காரன் போட்ட பொம்மைப் படம்டா. நான் சும்மா சொன்னதை வச்சுப் போட்டது. நான் சலூன்ல இருந்தேன் மாப்ள, ஒன்னும் பாக்கல. எம்பிள்ளைக மேல சத்தியமா ஒன்னும் பாக்கல."

அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"நீங்க அதையும் டிவியில சொன்னீகளே. மிரட்டிச் சொல்ல வச்சதுன்னாகளே."

"யாருடா மிரட்டுனது?"

"அதத்தான் மச்சான் கேக்குறேன்" என்றான் தவமணி. "நானா?"

எனக்குத்தான் தெரியும் என்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.